பாவம் பார்த்து நீட்டுகிற சிகரெட்

“விடுங்க பாவம், இந்த வயசுல அவருக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதானே.” மலேசியாவில் ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர் யாரும் இருக்க முடியாது. நெஞ்சடைத்துத் தவிக்கிற கிழவரிடம் சிகரெட்டையும் பிடுங்கினால் மனசு உடைந்துபோவார் என்று நிஜமாகவே நம்புகிறோம். பாசம் சரி, கணக்கு தப்பு.

இழுத்த நிக்கோட்டின் மூளைக்குப் போய்ச்சேர இருபது வினாடிகூட ஆகாது. ரத்தத்தில் அது இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். குறையக் குறைய எரிச்சல், படபடப்பு. அடுத்த சிகரெட் அடக்குவது அந்தப் படபடப்பைத்தான். வட்டி கட்ட, கந்துவட்டிக்கார ஆலோங்கே ஐம்பது வெள்ளி கொடுத்தான் என்று அவனுக்கே கும்பிடு போடுகிற கதை இது.

என் பெரியப்பா விடியுமுன்னே தோட்டத்தில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடியவர். பால்மரக் காட்டில் கொசுவுக்காகப் பற்றவைத்த பழக்கம் என்பார். தோட்டம் செம்பனைக்கு மாறி, குடும்பம் மலிவுவிலை அடுக்குமாடியின் நாலாவது மாடிக்கு வந்தபோது அவருக்கு நுரையீரல் அடைப்பு நோய் முற்றியிருந்தது. லிஃப்ட் கிடையாது. முதலில் கோயில் திருவிழா நின்றது, பிறகு ஒட்டுக்கடை. கடைசியில் குளியலறைக்கு நடப்பதே மலையேற்றம். நடுராத்திரியில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “இருட்டினா பயமா இருக்குடா” என்று ஒருமுறை சொன்னார். மூச்சு வாங்கினால் பயம் வரும், பயந்தால் மூச்சு வேகமாகும், வேகமாக இழுத்த காற்று முழுசாக வெளியேற நேரமில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே தேங்கும், இன்னும் முட்டும். நடுவில் ஒரு சிகரெட். “வயசாச்சு, அதான் ஒரு மாதிரி இருக்கார்” என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். மனச்சோர்வு என்ற சொல் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. கிளினிக்கிலும் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்களே தவிர, தூக்கம் எப்படி, பயம் உண்டா என்று கேட்டவர் இல்லை.

சிகரெட்டை விட்டவர்களையும் விடாதவர்களையும் ஒப்பிட்ட 26 ஆய்வுகளின் தொகுப்பு 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. விட்டவர்களுக்குத்தான் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. ஏற்கெனவே மனநோய் உள்ளவர்களிடமும் அப்படியே. 2021இல் காக்ரேன் 102 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது, முடிவு மாறவில்லை.

பின் ஏன் ஊரே நேர்மாறாகச் சத்தியம் செய்கிறது? முதல் வாரத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதால். விட்ட மூன்றாம் நாள் மனிதர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார். “பாத்தியா, அது இல்லாம அவரு அவராவே இல்ல” என்று மகளே கடைக்கு ஆள் அனுப்புவாள். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடுகிற அவஸ்தை அது. இன்னொரு சாட்சியும் தயாராக இருக்கும்: “கீழ்வீட்டு மாமா விட்டாரு, அடுத்த மாசமே போய்ட்டாரு.” விட்டதால் போகவில்லை ஐயா, போகிற நிலைக்கு வந்தபிறகுதான் விட்டார்.

2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு. 2019இல் இருந்ததைப்போல இரண்டு மடங்கு. நாமோ அதை இளசுகளின் கைப்பேசி வியாதி என்று பேசித் தீர்க்கிறோம். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் புகையை நிறுத்த உதவி கேட்கலாம்; மனசு கனத்தால் 15555க்கு அழைக்கலாம். “பாவம்” என்று சொல்லிவிட்டால் இரண்டுக்கும் வேலையில்லை.

பெரியப்பா போனபிறகு அவர் அலமாரியைச் சுத்தம் செய்தபோது பிரிக்காத மூச்சுப் பம்ப் மூன்று கிடைத்தது. படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம், சிகரெட் பெக்கட் உட்பட. ஒன்றைப் பற்றவைத்து இலையோரம் வைக்க வேண்டுமென்றார்கள். தீக்குச்சியை நீட்டினால் மட்டும் சிகரெட் பற்றாது, யாராவது வாயில் வைத்து இழுக்க வேண்டும். மூத்த அண்ணன் இழுத்தார். இழுத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார்.