பெட்டி பெட்டியாய்த் தெரிவது தமிழின் குற்றமில்லை

போன சனிக்கிழமை கிழக்கு லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டுக்கொண்டிருந்தோம். என்னோடு இருந்த தம்பிக்குப் பதினாறு வயது. டெபியன் ஏறிவிட்டது. ஆனால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மின்னிக்கொண்டு நின்றதே தவிர, வரைகலைத் திரை எழும்பவில்லை.

அவன் அசரவில்லை. எக்ஸ் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து, பிழை வரிகளின் முன்னால் வரும் இரட்டை 'ஈ' அடையாளத்தைத் தேடித் தேடி வாசித்தான். கிராபிக்ஸ் சிப்புக்கு வேண்டிய ஃபர்ம்வேர் இல்லை என்று கண்டுபிடித்துப் போட்டான். மூன்று மணித்தியாலம் போனது. திரை எழும்பியபோது துள்ளிக் குதித்தான்.

பிறகு பாடக் கோப்பைத் திறந்தோம். தமிழ் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறும் பெட்டிகள். "இதில தமிழ் வேலை செய்யாது அண்ணா. இங்கிலிஷ் எழுத்தில அடிப்பம்" என்றான்.

எக்ஸுக்கு மூன்று மணித்தியாலம், தமிழுக்கு இரண்டு நிமிசம். எனக்கு அவனில் கோபமில்லை. தமிழ் என்றால் வீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் என்று அவனுக்குப் பழக்கினது நாங்கள்தான்.

கறுப்புத் திரையில் தமிழ் சரிவராது என்பது உண்மை. லினக்ஸின் அந்த எழுத்துத் திரை ஒரே நேரத்தில் 512 வடிவங்களுக்கு மேல் வைத்திருக்காது. 'கொ' என்ற எழுத்துக்குக் கொம்பு முன்னும் கால் பின்னும் வரவேணும் என்று அதற்குத் தெரியாது. வரைகலைத் திரையில் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் பார்த்துக்கொள்ளும். ஆகவே திரையை எழுப்பினதோடு பெரிய வேலை முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு எழுத்துருப் பொதியும் ஒரு விசைப்பலகைத் தெரிவும்தான்.

இதற்கெல்லாம் வேண்டியதை முன்னமே செய்து வைத்திருக்கிறார்கள். தமிழ் 1991இலேயே யூனிகோடில் ஏறிவிட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. லோகித் தமிழ் எழுத்துரு இலவசம். எக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் இலங்கை என்ற தலைப்பின் கீழே தமிழ் இருக்கிறது. ஆர் தெரிவு செய்கிறோம்?

"இங்கிலிஷ் எழுத்தில அடிச்சாலும் விளங்குதுதானே?" என்பீர்கள். உங்கள் நண்பனுக்கு விளங்கும். ஆனால் பலம், பழம், பாலம் மூன்றையும் ஒரே மாதிரி அடிக்கிறீர்கள். பத்து வருசம் கழித்து அதைத் தேடப் போகிறவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? அம்மம்மா வாசிப்பாவா?

அன்றைக்கு எழுத்துருவைப் போட்டுக் கோப்பைத் திரும்பத் திறக்க ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை.

தம்பி, தங்கச்சி, திரையில் பெட்டி தெரிந்தால் 'தமிழ் ஏலாது' என்று சொல்லாதேங்கோ. 'நான் இன்னும் போடேல்லை' என்று சொல்லுங்கோ. அதுதான் உண்மை. இன்றைக்கு இரவே போடுங்கோ. முதலில் உங்கட பேரைத் தமிழில் அடித்துப் பாருங்கோ.