1600 எடுத்தால் ஹார்வர்டா?



பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது பேச்சு முழுக்கக் கட்-ஆஃப்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200. அதில் அரை மதிப்பெண் குறைந்தால் கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி கைநழுவும் என்பதை நம் ஊர் அப்பாக்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தக் கணக்கோடு அமெரிக்கக் கல்லூரிகள் பக்கம் திரும்புகிறவர்களும் நமக்கு எழுதுகிறார்கள். 1600-க்கு நடக்கும் சாட் நுழைவுத் தேர்வில் எவ்வளவு எடுத்தால் ஹார்வர்டு, எவ்வளவு எடுத்தால் ஸ்டான்ஃபோர்டு என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

எவ்வளவு எடுத்தாலும் நிச்சயம் இல்லை என்பதுதான் பதில். ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து நடந்த வழக்கில் இதற்கான கணக்கு பதிவாகியிருக்கிறது. 2015-ல் சேர வேண்டிய வகுப்புக்கு அமெரிக்காவுக்குள்ளிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் சாட் கணக்குப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். மொழிப் பகுதியில் 2,700 பேர். பள்ளி மதிப்பெண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்கள் 8,000-க்கும் மேல். அனுமதி கிடைத்ததோ, வெளிநாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து, சுமார் 2,000 பேருக்கு. கணக்கில் முழு மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் சேர்ப்பது என்று முடிவு செய்திருந்தாலும் இடம் போதாது.

அங்கே ரேங்க் பட்டியல் கிடையாது. சேர்க்கை அலுவலர் ஒருவர் உட்கார்ந்து உங்கள் பிள்ளையின் கோப்பைப் படிக்கிறார். படிப்பு, வெளிச் செயல்பாடுகள், விளையாட்டு, குணநலன் என்று தனித்தனியாக மதிப்பிடுகிறார். நல்ல சாட் ஸ்கோர் இருந்தால் ‘இந்தப் பிள்ளையால் நம் பாடத்தைத் தாங்க முடியும்’ என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கை வந்தபின் 1540-க்கும் 1580-க்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. அங்கிருந்து பேசுவது கட்டுரை, ஆசிரியரின் கடிதம், விளையாட்டு, அப்பா அதே கல்லூரியில் படித்தவரா என்பது. குணநலன் மதிப்பீட்டில் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்குச் சராசரியாகக் குறைவாகவே போடப்பட்டிருந்தது என்பது அந்த வழக்கில் பெரிய சண்டை. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. மற்ற அளவுகோல்கள் அப்படியே இருக்கின்றன.

சாட்டின் பிறப்பு ஒன்றும் பெருமைக்குரியது அல்ல. முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு நடத்திய அறிவுத் தேர்விலிருந்து கிளைத்தது அது. 1926-ல் முதல் தேர்வை உருவாக்கிய கார்ல் பிரிகாம், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் இனங்களை அறிவால் தரம் பிரித்து ஒரு புத்தகம் எழுதியிருந்தார். பிறகு 1930-ல் அவரே அந்த முடிவுகளைத் திரும்பப் பெற்றார். ஆனால் ஹார்வர்டின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட் இதே தேர்வை வேறு நோக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். பணக்கார உறைவிடப் பள்ளிகளுக்கு வெளியே எங்கோ இருக்கும் கெட்டிக்காரப் பையன்களைத் தேடி உதவித்தொகை கொடுக்க 1930-களில் அதைப் பயன்படுத்தினார். (பெண்களை ஹார்வர்டு அப்போது எடுக்கவில்லை.) கதவை அடைக்கப் பிறந்ததா, திறக்கப் பிறந்ததா என்ற அந்தச் சந்தேகம் நூறாண்டு ஆகியும் சாட்டை விட்டுப் போகவில்லை.

2020-ல் கொரோனா வந்து தேர்வு மையங்கள் மூடப்பட்டதும், ஸ்கோர் அனுப்புவது உங்கள் விருப்பம் என்று பெரும்பாலான கல்லூரிகள் அறிவித்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஸ்கோரைப் பார்ப்பதையே நிறுத்தியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு அதன் சொந்தப் பேராசிரியர் குழு ஆராய்ந்து, தேர்வை இப்போதைக்கு வைத்திருப்பதே நல்லது என்று அறிக்கை கொடுத்திருந்தது. நிர்வாகக் குழு அதைக் கேட்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறோம் என்று பலர் மனதார நம்பிய காலம் அது.

நடந்தது வேறு. நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் டார்ட்மத் கல்லூரி, தன் பொருளாதார, சமூகவியல் பேராசிரியர்களிடமே இதை ஆராயச் சொன்னது. வசதி குறைந்த பள்ளியில் படித்து 1400 எடுத்த பிள்ளை, ‘டார்ட்மத்தில் சேருபவர்கள் எல்லாம் 1500-க்கு மேல்’ என்று பார்த்து, பயந்து ஸ்கோரை அனுப்பாமல் விட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளியின் சராசரியோடு ஒப்பிட்டால் 1400 என்பது மலை. சேர்க்கை அலுவலர் அதைப் பார்த்திருந்தால் அந்தக் கோப்பைத் தனியே எடுத்து வைத்திருப்பார். உயர்ந்த ஸ்கோர் உள்ளவர்கள் மட்டும் அனுப்ப, கல்லூரி வெளியிடும் சராசரி ஏற, அதைப் பார்த்து இன்னும் பலர் மறைக்க, இந்தச் சுழலில் அடிபட்டது யாருக்காக விதி தளர்த்தப்பட்டதோ அவர்களேதான். 2024 பிப்ரவரியில் டார்ட்மத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. எம்.ஐ.டி. 2022-லேயே திரும்பியிருந்தது. அங்கே எந்தத் துறை எடுத்தாலும் கால்குலஸும் இயற்பியலும் இரண்டிரண்டு பருவம் படித்தே ஆகவேண்டும் என்பதால், அதைத் தாங்குவார்களா என்று பார்க்க ஸ்கோர் தேவைப்பட்டது. பிறகு யேல், பிரௌன், ஹார்வர்டு, கால்டெக் என்று வரிசையாக வந்தன.

பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2023-ல் வெளியிட்ட ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே சாட் ஸ்கோர் எடுத்த இரண்டு பிள்ளைகளில், நாட்டின் மேல்தட்டு ஒரு சதவீத வீட்டுப் பிள்ளைக்கு ஐவி லீக் வகைக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் ஸ்கோர் அல்ல. முன்னாள் மாணவரின் வாரிசு என்ற சலுகை, விளையாட்டு ஒதுக்கீடு, படிப்பு சாராத ‘ஆளுமை’ மதிப்பெண்கள், பெரும்பாலும் இவை மூன்றும்தான். அதே குழுவின் கணக்கில், 1300-க்கு மேல் எடுக்கும் வாய்ப்பும் அந்த ஒரு சதவீதத்தாருக்கு ஏழைகளைவிடப் பதின்மூன்று மடங்கு அதிகம். ஆகவே சாட்டைச் சமத்துவத் தராசு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாள்சண்டைப் பயிற்சியையும் ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு கட்டுரையைச் செதுக்கித் தரும் ஆலோசகரையும் விடப் பழைய வினாத்தாள் மலிவு. நூலகத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்துவிடலாம்.

இதைப் படித்ததும் சிலருக்கு ‘பார்த்தீர்களா, அமெரிக்காவே நுழைவுத் தேர்வுக்குத் திரும்பிவிட்டது, நீட்டை மட்டும் ஏன் எதிர்க்கிறீர்கள்’ என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் பொதுவான பள்ளி இறுதித் தேர்வே இல்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் பிள்ளைகளுக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அது தாராளமாகிக்கொண்டே போகிறது. ஹார்வர்டுக்கு விண்ணப்பித்த 8,000 குறையற்ற மதிப்பெண்காரர்கள் அப்படி வந்தவர்கள். அங்கே எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் சாட்டும் அதன் போட்டித் தேர்வான ஏ.சி.டி.யும் மட்டுமே. நம் பிளஸ் டூவோ மாநிலம் முழுக்க ஒரே வினாத்தாள், வேறு ஊர் ஆசிரியர் திருத்தும் விடைத்தாள். அதுவே ஒரு பொது அளவுகோல். 2006-ல் சட்டம் இயற்றித் தமிழ்நாடு நுழைவுத் தேர்வை நீக்கியபோது அதன் இடத்தில் வைத்தது இந்தப் பொதுத்தேர்வைத்தான். அதற்கு மேல் இன்னொரு தேர்வு வேண்டுமா என்பது நம்முடைய தனி வழக்கு. டார்ட்மத்தின் ஆய்வு அதில் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது.

சரி, பிள்ளை உண்மையிலேயே அங்கே போக விரும்பினால்? கல்லூரிகள் தங்கள் மாணவர்களின் ஸ்கோரை இரண்டு எண்களாக வெளியிடும். நடுவில் இருக்கும் பாதிப் பேர் அந்த இரண்டுக்கும் இடையில் வருவார்கள். கீழ் எண்ணுக்கும் குறைவாக எடுத்துச் சேர்ந்தவர்கள் கால்வாசிப் பேர் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் இன்னும் இருபது மதிப்பெண்ணுக்காக மறுபடி மறுபடி தேர்வுக் கட்டணம் கட்டுவதில் அர்த்தம் இல்லை. தேர்வு எழுதும் சனிக்கிழமைகளைப் பிள்ளைக்குப் பிடித்த வேலைக்கு விடுங்கள்.

கோச்சிங் சென்டர் விளம்பரங்கள் பெரிதாகச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் விஷயத்தில், நிதியுதவி கேட்காமல் விண்ணப்பிப்பவரையும் கேட்டு விண்ணப்பிப்பவரையும் ஒரே கண்ணோடு பார்க்கும் கல்லூரிகள் மிகக் கொஞ்சம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட் அந்தச் சிறிய பட்டியலில் உண்டு. மற்ற பெரும்பாலான இடங்களில், உதவி வேண்டும் என்ற கட்டத்தில் நீங்கள் போடும் டிக், ஸ்கோரில் நூறு கூடுவதையும் குறைவதையும்விடப் பெரிய பேச்சு பேசிவிடும். எனவே சாட் புத்தகம் வாங்கும் முன்பு கல்லூரியின் இணையதளத்தில் வெளிநாட்டு மாணவர் நிதியுதவிப் பக்கத்தை ஒருமுறை வீட்டில் எல்லோரும் சேர்ந்து படியுங்கள். அந்த வழியில் போய்ச் சேர்ந்தவர்களும், போகாமல் இங்கேயே நல்ல இடம் பிடித்தவர்களும் நமக்கு எழுதுங்கள். கடிதங்களுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்