சேத்துப்புண்ணுக்கு முபிரோசின் எதுக்கு?

1/ நடவு சீசன்ல டெல்டா பக்கம் ஓபியில உக்காந்தா சேத்துப்புண் தான் வரிசையா வரும். விரல் இடுக்கு வெளுத்து, தோல் ஊறி, ஒரே அரிப்பு. பலர் கையில ஏற்கெனவே ஒரு டியூப் இருக்கும்: முபிரோசின். மெடிக்கல்ல தாங்களா கேட்டு வாங்கினது. இந்தப் பழக்கம் நிக்கணும். ஏன்னு சொல்றேன்.

2/ எந்த உயிரும் புரதம் செய்ய 20 வகை அமினோ அமிலம் வேணும். அதைச் சுமக்குற லாரி தான் டிஆர்என்ஏ. கொள்முதல் நிலையத்து லோடுமேன் மாதிரி, சரியான மூட்டையைச் சரியான லாரியில ஏத்துறது ஒரு என்சைம். பேரு அமினோஅசைல் டிஆர்என்ஏ சிந்தெடேஸ். பொதுவா ஒரு வகை மூட்டைக்கு ஒரு லோடுமேன்.

3/ லாரி போய்ச் சேர்ற மில்லு, ரைபோசோம். அதோட அமைப்பைக் கண்டறிஞ்சதுக்கு 2009ல நோபல் வாங்கின மூணு பேர்ல ஒருத்தர், சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். மில்லு லாரி நம்பரைத் தான் பார்க்கும், மூட்டையைப் பிரிச்சுப் பார்க்காது. அதனால லோடுமேன் நின்னுட்டா மொத்த வேலையும் நின்னுடும்.

4/ முபிரோசின் செய்யறது அதைத்தான். ஐசோலூசின் ஏத்துற பாக்டீரியா என்சைமோட இடத்துல போய் உக்காந்துக்கும். மனுஷங்களோட என்சைம் அமைப்பு வேற, அதனால நமக்குப் பாதிப்பில்ல.

5/ இந்த மருந்து எதுலேர்ந்து வருது தெரியுமா? சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். ஆமா, ஒரு கிலோ விதைநெல்லுக்கு 10 கிராம் கலந்து விதைநேர்த்தி பண்றோமே, அதே இனம். ஆனா ரகம் வேற. அந்தப் பவுடரைப் புண்ணுல போட்டுடாதீங்க!

6/ சேத்துப்புண் பெரும்பாலும் ஈரமும் பூஞ்சையும் சேர்ந்து பண்ற வேலை. முபிரோசின் பூஞ்சையைக் கொல்லாது. காசும் போச்சு, புண்ணும் ஆறல.

7/ பெரிய நஷ்டம் வேற. தோல்ல இருக்குற ஸ்டெஃபைலோகாக்கஸ், மருந்து ஏமாத்த முடியாத இன்னொரு லோடுமேனை வச்சுக்கலாம். அதுக்கான மரபணு பேரு மூப்-ஏ. பிளாஸ்மிட் வழியா பக்கத்து பாக்டீரியாவுக்கும் போகும். இதய ஆபரேஷனுக்கு முன்னாடி மூக்குல இருக்குற எம்ஆர்எஸ்ஏ கிருமியை ஒழிக்க நாங்க நம்புறது இந்த ஆயின்மென்ட்டைத் தான். இதுவும் போச்சுன்னா மாற்று ரொம்பக் குறைவு.

8/ "ஜிஎச் வந்தா ஒரு நாள் கூலி போகுமே டாக்டர்?" நியாயமான கேள்வி. அதனால நான் கூலி வேலைக்காரங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். நடவு மாசங்கள்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல சாயங்கால ஓபி வேணும். 2021லேர்ந்து பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே கொண்டு போற மக்களைத் தேடி மருத்துவம் மூலமா பாதத்தையும் பார்த்து, பூஞ்சை களிம்பும் கொடுக்கலாம். அரசு யோசிக்கணும்.

9/ அதுவரைக்கும்:
- வயல்லேர்ந்து வந்ததும் கழுவி, விரல் இடுக்கைத் துடைச்சு நல்லா காய வைங்க.
- ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நீங்களா வாங்கிப் போடாதீங்க.
- குழந்தைக்குத் தேன் நிறப் பொருக்கோட புண் வந்தா முபிரோசின் நல்லா கேக்கும். ஆனா டாக்டர் சொல்லணும், 10 நாளுக்கு மேல வேண்டாம்.
- சுகர் இருக்கா? கால்ல சின்னப் புண்ணுன்னாலும் அன்னிக்கே வாங்க. கூலியை விட கால் முக்கியம்.

நாத்து நடப் போறவங்க உங்க வீட்டுல இருந்தா படிச்சுக் காட்டுங்க.