சொல்லைப் பொருளோடு கற்போம்

ஆங்கிலச் சொற்களைக் கற்க நாம் கைக்கொள்ளும் முறை எல்லோரும் அறிந்ததே. நோட்டுப் புத்தகத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்புறம் ஆங்கிலச் சொல், வலப்புறம் தமிழ்ப் பொருள். வரலாற்றில் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம் வந்துவிட்டாலோ இந்தப் பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது. ரினைசான்ஸ் என்றால் மறுமலர்ச்சி, பேட்ரன் என்றால் புரவலர், ஃபிரெஸ்கோ என்றால் சுவரோவியம், மாஸ்டர்பீஸ் என்றால் தலைசிறந்த படைப்பு. தேர்வுக்கு முந்தின இரவு உருப்போடுகிறோம், மறுவாரம் மறந்துவிடுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு சொல்லையும் அது பிறந்த இடத்தோடும் தொழிலோடும் சேர்த்துக் கற்க வேண்டும் என்பதே நமது கருத்து.

ஃபிரெஸ்கோ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சுவரில் உள்ள ஓவியம் எல்லாம் ஃபிரெஸ்கோ ஆகிவிடாது. இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குப் 'புதியது' என்று பொருள். சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, அதன் ஈரம் காயுமுன் நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சாந்து இறுகும்போது, வண்ணமும் சுவரோடு ஒன்றாகிவிடும். ஆகவே ஒரு நாளில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கே ஓவியர் சாந்து பூசுவார். அந்தத் துண்டுக்கு 'ஜியோர்னாத்தா', அதாவது ஒரு நாள் வேலை என்று பெயர். மைக்கலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேல்விதானத்தை 1508 முதல் 1512 வரை இப்படி நாள் நாளாகத்தான் தீட்டினார். லியொனார்தோ தா வின்சியோ மிலான் நகரில் 'இறுதி இராவுணவு' ஓவியத்தை ஆற அமரத் தீட்ட விரும்பிக் காய்ந்த சுவரில் தீட்டினார். அது அவர் வாழ்நாளிலேயே பழுதுபடத் தொடங்கியது. இன்றும் பலர் அதை ஃபிரெஸ்கோ என்றே எழுதுகின்றனர். சொல்லின் பொருளை அறிந்த மாணவி அப்படி எழுதமாட்டாள்.

கார்ட்டூன் என்றதும் நமக்குச் சிரிப்புப் படம் நினைவுக்கு வரும். ஆனால் 'கார்த்தோனே' என்றால் இத்தாலியத்தில் தடித்த பெரிய தாள். சுவருக்கோ திரைச்சீலைக்கோ மாற்றுவதற்காக அதே அளவில் வரையப்படும் மாதிரிப் படமே அக்காலத்துக் கார்ட்டூன். பாப்பரசர் பத்தாம் லியோவுக்காக ரஃபேல் 1515-16 இல் வரைந்த கார்ட்டூன்களில் ஏழு இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் இருப்பவர்கள் புனித பேதுருவும் புனித பவுலும்! 1843 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடச் சுவர்களுக்கான மாதிரிப் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, 'பஞ்ச்' என்ற இதழ் கேலிப் படம் போட்டு அதற்கும் கார்ட்டூன் என்று பெயரிட்டது. அன்று முதல் அச்சொல்லுக்குப் புதுப் பொருள் வந்தது.

அன்னை மரியாவின் நீலப் போர்வையை நாம் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். அந்த நீலத்துக்கு அல்ட்ராமரின் என்று பெயர். 'கடலுக்கு அப்பாலிருந்து வந்தது' என்பது பொருள். ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டியெடுத்த நீலக் கல்லை அரைத்துச் செய்த வண்ணம் அது. ஃபிளாரன்ஸ் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்துக்காக கிர்லாந்தாயோ என்ற ஓவியர் 1485 இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். நீலம் அவுன்சுக்கு நான்கு ஃபுளோரின் மதிப்புள்ள அல்ட்ராமரினாகவே இருக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. வண்ணத்தின் விலையைக்கூட ஒப்பந்தத்தில் குறிப்பவர் யாரோ அவரே பேட்ரன். புரவலர் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் இந்த அதிகாரம் நமக்குப் புலப்படுவதில்லை. அதே பேட்ரன் என்ற சொல் ஆலயத் திருவிழாவில் 'பாதுகாவலர்' ஆகிறது. இரண்டுக்கும் மூலம் தந்தை என்று பொருள்படும் இலத்தீன் சொல்தான்.

நமக்குச் சற்றுச் சங்கடம் தரும் சொற்களும் உண்டு. இண்டல்ஜென்ஸ் என்பது அவற்றில் ஒன்று. வரலாற்றுப் பாடத்தில் அது 'பாவமன்னிப்புச் சீட்டு'. ஞானோபதேச வகுப்பில் 'பலன்'. திருச்சபையின் போதனைப்படி அது பாவத்தை மன்னிப்பதன்று. மன்னிக்கப்பட்ட பாவத்துக்குரிய தண்டனையை நீக்குவது. ஆனால் அக்காலத்தில் அது பணத்துக்கு விற்கப்பட்டது என்பதும், புனித பேதுரு பேராலயக் கட்டட நிதிக்காக நடந்த அந்த வசூலை 1517 இல் மார்ட்டின் லூதர் கண்டித்தார் என்பதும் உண்மை. திரெந்துப் பொதுச்சங்கமே பின்னர் அந்த முறைகேட்டைக் கண்டித்தது. இரு வகுப்புகளில் இரு பொருள் கேட்டுக் குழம்புவதைவிட, இரண்டையும் ஒருசேரக் கேட்டு உண்மையை அறிவது மேல். உண்மையைக் கண்டு விசுவாசம் அஞ்ச வேண்டியதில்லை.

மாஸ்டர்பீஸ் என்ற சொல் தொழிற்சங்கங்களில் பிறந்தது. பயிற்சி முடித்த தொழிலாளி தன் திறமைக்குச் சான்றாக ஒரு பொருளைச் செய்து காட்டி 'மாஸ்டர்' ஆவார். பெண்களுக்கு அந்த வாயில் பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. ஆயினும் ஃபிளாரன்ஸ் நகரின் தோமினிக்கன் கன்னியர் மடமொன்றில் ப்ளாவுத்தில்லா நெல்லி (1524-1588) என்ற அருட்சகோதரி தாமே ஓவியம் கற்றார். மடத்தின் தலைவியாகவும் இருந்தார். சுமார் ஏழு மீட்டர் நீளமுள்ள 'இறுதி இராவுணவு' ஓவியத்தைத் துணியில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். ஆண்களைப் போல் உயிருள்ள உருவங்களைப் பார்த்து வரைந்து பயில வாய்ப்புக் கிடைத்திருந்தால் இவர் அற்புதங்கள் செய்திருப்பார் என்று அக்காலத்து எழுத்தாளர் வசாரி எழுதினார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவ்வோவியம் பழுது நீக்கப்பட்டு, 2019 முதல் சாந்தா மரியா நொவெல்லா அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. அதில் தம் பெயருக்கருகே, ஓவியம் தீட்டியவளுக்காக மன்றாடுங்கள் என்று இலத்தீனில் எழுதியிருக்கிறார். ஓவியர் என்பதற்குரிய ஆண்பால் சொல்லை விட்டு, பெண்பாலில் 'பிக்தோரா' என்றே எழுதினார். நம் பட்டியலில் மாஸ்டர் உண்டு, பிக்தோரா இல்லை. பெண் பிள்ளைகளாகிய நாம் இதைக் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்?

தேர்வுக்குப் படிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் நேரம் ஏது என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எழுத்துப் பிழையின்றி எழுதப் பட்டியலும் வேண்டும். அதை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் காரணம் தெரிந்து கற்ற சொல்லை மீண்டும் மீண்டும் உருப்போட வேண்டியதில்லை. அன்றியும், தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் இச்சொற்களைக் கண்டு மிரளுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஃபிரெஸ்கோவும் கார்ட்டூனும் ஆங்கிலேயருக்கும் இரவல் சொற்களே. நாமும் அதே காலத்தில் இரவல் வாங்கியவர்கள்தான். ஜன்னல், சாவி, அலமாரி, பாதிரி எல்லாம் போர்த்துக்கீசியர் வழியாக வந்தவை. 1578 இல், நெல்லி வாழ்ந்த நாளிலேயே, ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறிவிட்டது. ஆகவே இந்தக் காலம் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

நாம் வேண்டுவது அதிகமில்லை. நோட்டில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு போடுவோம். மூன்றாம் பத்தியில் அச்சொல் எங்கே, எந்தத் தொழிலில் பிறந்தது என்று ஒரு வரி எழுதுவோம். வாரம் ஒரு படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அதன் சொற்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் கீழே எழுதி வைப்போம். முதல் வாரத்துப் படமாக அருட்சகோதரி நெல்லியின் இராவுணவு இருக்கட்டும். அவர் கேட்டுக்கொண்டபடி அவருக்காக ஒரு செபமும் சொல்வோம்.