பெயர் ஒன்று, ஒலி வேறு!

ஐந்து விரலும் ஒன்றாயிருப்பதில்லை. நாதசுர வித்துவான் பல சீவாளிகளை ஊதிப் பார்த்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். கைவேலையில் இஃது இயல்பு. ஆனால், இயந்திரம் செய்யும் ஹெட்போனிலும் இவ்வேற்றுமை உண்டென்றால் மாணவர்கள் வியக்கக்கூடும். அண்ணன் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கியதும், அதே பெயரில் தம்பி இன்று வாங்கியதும் வேறு வேறாக ஒலிப்பது ஏன்?

துறைமுக நகரத்தாராகிய நமக்கு இக்கருவி புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலையில் தங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல்களில், நீர்மூழ்கியைத் தேடும் மாலுமி ஹெட்போனை மாட்டிக்கொண்டே எதிரொலிக்குச் செவி சாய்த்தான். அதற்கும் முன்னர், 1910 அளவில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதேனியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது.

கருவியின் உள்ளே இருப்பவை முக்கியமாக மூன்று: காந்தம், கம்பிச்சுருள், மென்தகடு. மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் அசைகிறது. அதனுடன் ஒட்டிய தகடு அதிர்ந்து காற்றை அசைக்கிறது. அத்தகடோ மயிரிழையினும் மெல்லியது. அதன் தடிப்பிலும், ஒட்டும் பசையின் அளவிலும், பின்புறத் துணியின் நெசவிலும் சிறிது மாறினாலும் ஒலி மாறும். ஆகவே எத்தொழிற்சாலையும் சிறு ஏற்றத்தாழ்வுக்கு இடம்விட்டே பொருளை வெளியிடுகிறது.

காலம் செல்ல மூலப்பொருளும், வேலைத்தலமும்கூட மாறலாம். சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தொடர்ந்து, 2011 இல் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியத்தின் விலை பன்மடங்கு ஏறியது. 1947 இல் வியன்னாவில் தோன்றிய ஏ.கே.ஜி. நிறுவனத்தின் அந்நகரத் தலைமையகம் 2017 இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் இன்றும் விற்பனையில் உள்ளது. சிலவேளை வேற்றுமை திட்டமிட்டதே. ஜெர்மனியின் பெயர்டைனமிக் நிறுவனம் தன் டி.டி. 770 புரோ ஹெட்போனை 32, 80, 250 ஓம் என வெவ்வேறு மின்தடைகளில் விற்றுள்ளது. தோற்றம் ஏறக்குறைய ஒன்றே; சுருள் வேறு. கைத்தொலைபேசியில் பொருத்தினால் 250 ஓம் கருவி தாழ்ந்தே ஒலிக்கும்.

ஆயினும், நம் வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளியாவது காதைச் சூழும் மெத்தைதான். கச்சான் காற்றுக் காலத்து வியர்வையும், மாரிகாலத்து ஈரமும் அதனை நைந்துபோகச் செய்கின்றன. மெத்தை தட்டையாகி இடைவெளி விழுந்தால், மிருதங்கத்தின் தொப்பியோசை போன்ற தாழ்ந்த ஒலிகள் முதலில் கசிந்து மறையும். மூக்குக்கண்ணாடியின் காம்பும் அவ்வாறே இடைவெளி உண்டாக்கும்.

இங்கேதான் பெற்றோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். இழந்த ஒலியை ஈடுசெய்யப் பிள்ளை சத்தத்தைக் கூட்டுகிறது. வளர்ந்தோர்க்கே வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. சத்தம் ஏற ஏற, கேட்கத்தக்க நேரம் விரைந்து குறையும். மிகுந்த சத்தத்தால் அழிந்த செவியின் நுண்மயிர்க் கலங்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

நம் செவியும் எளிதில் ஏமாறும். இரண்டில் சற்று உரத்து ஒலிப்பதையே மனம் நல்லதென்று கொள்ளும். புதியதென்று அறிந்தாலோ, கேளாத இனிமையும் கேட்கும். எனவே மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரு கருவிகளுக்கும் ஒரே வகைப் புது மெத்தையைப் பொருத்துங்கள். இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு, மற்றொருவர் மாற்றி மாற்றி அணிவிக்க, ஒரே பாட்டைப் பலமுறை கேளுங்கள். எது எதுவென ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்ல முடிந்தால், வேற்றுமை கருவியில் உண்டெனலாம். முடியாவிடின், பழைய ஹெட்போனுக்கு வேண்டியது ஒரு சோடி மெத்தையே. புதியதொன்று வாங்கும் பணம் வீட்டிலேயே தங்கும்.