காமன் கூத்துக்கும் ஓர் இடம்

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் கால்வைக்க இடமிருக்காது. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகு என்று ஊரே நிறைந்துவிடும். நாட்டின் விழாக்களைச் சொல்கிறவர்கள் இதையும் கண்டி எசல பெரஹராவையும் மறப்பதில்லை. மாசியில் நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தை மட்டும் சொல்வதே அரிது.

பகலெல்லாம் மலையில் நின்றவர்கள் இரவில் தப்புச் சத்தம் கேட்டதும் கூடிவிடுகிறார்கள். ரதியும் மதனும் லயத்து வாசல்களில் ஆடி வருகிறார்கள். சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்தபின் ரதி வைக்கும் ஒப்பாரி, தோட்டத்துப் பெண்களின் சொந்தத் துக்கத்தையும் சேர்த்தே அழுகிறது. வேடம் கட்டுகிறவர்கள் தொழிலாளர்கள்தான்.

2023இல், மலையக மக்கள் இங்கு வந்து 200 ஆண்டு என்று மேடைகளில் பேசினோம். அந்த வரலாற்றைச் சுமந்துவந்த கூத்து இது. சுற்றுலா அதிகாரிகளே, வரும் ஆண்டின் விழா நாட்காட்டியில் மாசியையும் எழுதுங்கள்.