சீனி மாத்திரை கொழுப்பைக் குறைக்குமா?



"இனிப்புநீருக்குத்தான் மாத்திரை விழுங்குகிறேனே, கொழுப்புக்கு வேறு எதற்கு?" என்று கிளினிக்கில் கொடுத்ததை அலமாரியில் போட்டுவிடுவோர் நம் தோட்டங்களில் அநேகர். உங்கள் வீட்டிலும் உண்டா, பாருங்கள்.

மெட்ஃபோர்மின் 1957 முதல் வழக்கத்திலுள்ள மருந்து. கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரை உண்டாக்குவதைக் குறைக்கிறது. கெட்ட கொழுப்பையும் சற்றுக் குறைக்கிறது, மெய்தான்; ஆனால் அது மிகச் சொற்பம். கிளிக்லசைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. கொழுப்பின் பக்கம் அதற்கு அவ்வளவாக வேலையில்லை. பியோகிளிட்டசோன் நல்ல கொழுப்பைக் கொஞ்சம் உயர்த்தும். சிலருக்குக் கால் வீங்கும். அதே இனத்து ரோசிகிளிட்டசோனோ கெட்ட கொழுப்பைக் கூட்டியது; இருதய ஆபத்தைக் கருதி 2010-இல் ஐரோப்பாவில் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். (வாயில் நுழையாத பெயர்கள்! பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் மருந்துப் பையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.)

சர்க்கரை கூடிய இரத்தம் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அங்கேதான் கொழுப்பு படிகிறது. மாரடைப்பும் வாதமும் அதனால் வருகின்றன. ஆகவேதான் கொழுப்பு அதிகமில்லாத இனிப்புநீர்க்காரருக்கும் டாக்டர் சிம்வாஸ்டாட்டின் போன்றதை எழுதுகிறார். அது கெட்ட கொழுப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கும். கல்லீரல் இரவில்தான் கொழுப்பை அதிகம் உண்டாக்குகிறது. அதனால் சிம்வாஸ்டாட்டினைப் படுக்கப்போகும் முன் சாப்பிடச் சொல்கிறார்கள்.

சாப்பிடத் தொடங்கியபின் கைகால் சதை கடுமையாக வலித்தால், நீங்களாக நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை மாற்றித் தருவார்.